"விசுவாசம் போய்விட்டது" என்பதற்குள் எத்தனை நோய்கள்

"எனக்கு விசுவாசம் போய்விட்டது" என்று ஒருவர் வந்து சொன்னால், நல்ல ஆன்ம வழிகாட்டி பதறவும் மாட்டார், கண்டிக்கவும் மாட்டார். விசாரிப்பார். எப்போதிலிருந்து? செபத்தில் மட்டும்தான் சுவை போயிற்றா, எல்லாவற்றிலுமா? கடவுளைப் பற்றிய கவலையாவது மிச்சம் இருக்கிறதா? ஒழுங்காகத் தூங்குகிறீர்களா? அண்மையில் ஏதாவது பெரிய முடிவு எடுக்கப் போகிறீர்களா?

இத்தனை கேள்விகள் எதற்கு என்றால், அந்த ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம். வெறுமை, ஆன்மச் சோர்வு, அறிவு சார்ந்த ஐயம், மரபு "இருண்ட இரவு" என்று அழைக்கும் நிலை, மருத்துவரிடம் போக வேண்டிய மன அழுத்தம். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரி. ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் அறிவுரை இன்னொன்றைக் கெடுத்துவிடும். "இன்னும் கொஞ்சம் செபியுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதிக் கொடுப்பதால் எத்தனையோ பேர் செபத்தையே விட்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

காலத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். மதச்சார்பற்ற காலம் என்றதும் நாத்திகரின் வாதங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வாதத்தில் தோற்று விசுவாசத்தை இழந்தவர்கள் உண்மையில் குறைவு. கனடாவின் கத்தோலிக்க மெய்யியலாளர் சார்லஸ் டெய்லர் 2007-இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்: 1500-இல் மேற்கத்திய சமூகத்தில் கடவுளை நம்பாமல் இருப்பது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது, 2000-இல் அது பலருக்கு எளிதாகிவிட்டது, இடையில் என்ன நடந்தது? அவர் தந்த விடை நீளமானது. அதில் நமக்கு வேண்டியது இவ்வளவே: விசுவாசம் இன்று பல வழிகளில் ஒன்றாகிவிட்டது. கடவுளை ஒருமுறைகூட நினைக்காமல் திங்கள் முதல் சனி வரை ஓட்டிவிடலாம். எதுவும் உடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி என்ற போதனை நூல் இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. செபத்தை ஒரு போராட்டம் என்றே அது 2725-ஆம் எண்ணில் அழைக்கிறது. 2727-இல் இக்காலத்துக்கே உரிய தடைகளை அடுக்குகிறது: அறிவியலால் சரிபார்க்கப்பட்டது மட்டுமே உண்மை என்ற எண்ணம், உற்பத்தியும் லாபமும் தராத எதுவும் வீண் என்ற கணக்கு, புலனின்பத்தையும் வசதியையும் அளவுகோலாக வைப்பது, செபத்தை உலகிலிருந்து தப்பி ஓடுவதாகப் பார்ப்பது. 2732-இல் இன்னும் கூர்மை. மிகச் சாதாரணமான, மிகவும் மறைந்திருக்கும் சோதனை விசுவாசக் குறைவுதானாம். அது வெளிப்படையான மறுப்பாக வருவதைவிட, நாம் நடைமுறையில் எதற்கு முதலிடம் தருகிறோம் என்பதில்தான் தெரியுமாம். ஆகவே சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர் தன் கருத்துகளை அலசுவதை விட்டுவிட்டு, கடந்த ஒரு வாரத்தின் நேரத்தைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். செபிக்க உட்கார்ந்தபோதெல்லாம் எந்த வேலை திடீரென்று அவசரமாகத் தோன்றியது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும்.

எதிரி யார் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. அறிவியலும் அரசும் சட்டமும் தத்தமக்கு உரிய நெறிகளின்படி இயங்குவது முறையானதே என்று உலக ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 36-ஆம் எண்ணில் சொல்லிவிட்டது. நாத்திகம் தோன்றியதில் விசுவாசிகளுக்கும் சிறு பங்கல்ல, நல்ல பங்கு உண்டு என்று அதே ஏட்டின் 19-ஆம் எண் ஒப்புக்கொள்கிறது: விசுவாசப் பயிற்சியில் அலட்சியம், தவறான போதனை, வாழ்க்கையில் குறை. நம்பாத அண்டை வீட்டாரோடு சண்டை போடுவதை ஆன்மிகப் போராட்டம் என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை படிப்பது நல்லது.

இனி நோய்களுக்கு வருவோம். வெறுமை பற்றி, இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் அளவுக்குத் தெளிவாக எழுதியவர்கள் அரிது. 1521-இல் பம்பலோனாவில் காலில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தன் மனத்தில் எழும் அசைவுகளைக் கவனிக்கத் தொடங்கினார். அந்தக் கவனிப்பு பிறகு "ஆன்மிகப் பயிற்சிகள்" என்ற நூலில் தேர்ந்து தெளிதலுக்கான, அதாவது எந்த அசைவு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதற்கான விதிகளாக உருப்பெற்றது. மூன்றாம் பவுல் திருத்தந்தை 1548-இல் அந்நூலை அங்கீகரித்தார். பயிற்சிகள் "வாரம்" என்ற பகுதிகளாகப் பிரிந்தவை: முதல் வாரத்துக்கு 14 விதிகள், இரண்டாம் வாரத்துக்கு 8. நம் சிக்கலுக்கு முதல் தொகுதி போதும்.

வெறுமை என்று அவர் சொல்வது இருள், கலக்கம், தாழ்ந்தவற்றின் மீது இழுப்பு, நம்பிக்கையும் அன்பும் இல்லாத வறண்ட துயரம். அப்போது என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் விதி: எதையும் மாற்றாதே. வெறுமைக்கு முந்தைய நாள் எந்தத் தீர்மானத்தில் இருந்தாயோ அதிலேயே நில். இதை மீறுவதுதான் நடைமுறையில் நடக்கும் முதல் தவறு. ஞாயிறு திருப்பலிக்குப் போவதை நிறுத்துவது, துறவற வார்த்தைப்பாட்டை விட்டு வெளியேறுவது, திருமண நிச்சயத்தை முறிப்பது போன்ற முடிவுகள் பெரும்பாலும் வெறுமையின் உச்சத்தில்தான் "இப்போதுதான் எனக்குத் தெளிவு வந்தது" என்ற உணர்வோடு எடுக்கப்படுகின்றன. முடிவு சரியாகவே இருக்கலாம். அப்படியானால் ஆறுதல், அதாவது வெறுமைக்கு எதிரான அந்த இனிமை, திரும்பிய பிறகும் அது சரியாகவே இருக்கும். காத்திருப்பதால் நட்டம் இல்லை.

ஆறாம் விதி, தீர்மானத்தை மாற்றாமல் நம்மை மாற்றச் சொல்கிறது: செபத்தைச் சற்றுக் கூட்டு, தியானத்தைக் கூட்டு, உன்னை நன்றாக ஆராய், உடலுக்குத் தகுந்த சிறு தவம் மேற்கொள். இதற்கு அவர் தரும் நடைமுறை அளவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மணி நேரம் செபிப்பதாகத் தீர்மானித்திருந்தால், வெறுமையில் அந்த ஒரு மணியை முழுதாக முடிப்பதோடு நில்லாமல் சிறிது கூடுதலாகவும் இரு என்கிறார். கூடுதல் நேரம் இரண்டு மணி நேரம் அல்ல, "சிறிது". 15 நிமிடம் செபிப்பவருக்கு 16 போதும். நேரத்தைக் குறைக்கத் தூண்டும் சக்திக்கு எதிர்த்திசையில் ஓர் அடி வைப்பதே நோக்கம். உணர்ச்சிவசப்பட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அடுத்த நாள் வருவதில்லை.

ஒன்பதாம் விதி காரணங்களைத் தேடுகிறது. நம் அசட்டை ஒரு காரணம். ஆறுதல் என்ற கூலி இல்லாமலும் நாம் நிற்கிறோமா என்ற சோதிப்பு இரண்டாவது. அந்த இனிமை நாமாக உண்டாக்கியதல்ல, கொடை என்று உணர்த்துவது மூன்றாவது. பலர் முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறார்கள்: "நான் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும்." தேடிப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் நேர்மையாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் தேடலை நிறுத்திவிட வேண்டும். 13-ஆம் விதி இன்னொரு கருவி தருகிறது: தீய ஆவி இரகசியத்தை விரும்பும். ஒரு எண்ணத்தை ஒப்புரவு அருளடையாளத்திலோ (பாவ அறிக்கையிலோ) வழிகாட்டியிடமோ வாய்விட்டுச் சொல்லவே கூடாது என்று உள்ளுக்குள் ஒரு வற்புறுத்தல் இருந்தால், முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

ஆன்மச் சோர்வு வேறு ரகம். எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த துறவி எவாகிரியுஸ் இதை "நண்பகல் பேய்" என்றார். பெயர் 91-ஆம் திருப்பாடலின் கிரேக்க வடிவிலிருந்து வந்தது. காலை பத்து மணி வாக்கில் தொடங்கி பிற்பகல் இரண்டு மணி வரை தாக்குமாம். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் தோன்றும். துறவி அடிக்கடி சன்னலைப் பார்ப்பார், வெயில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். பிறகு இந்த இடமே பிடிக்காது. உடன் வாழ்பவர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும். வேறு இடத்துக்குப் போனால் கடவுளை நன்றாகத் தேடலாமே என்று படும். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய இந்த விவரிப்பில் சன்னல் இருக்கும் இடத்தில் கைபேசித் திரையை வைத்துப் படித்தால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இங்கே துயரத்தைவிடச் சலிப்புதான் அதிகம், சலிப்போடு ஓயாத நகர்வும். மறைக்கல்வி 2733-இல் இதன் வேரைச் சொல்கிறது: பயிற்சியில் தளர்வு, விழிப்பில் குறைவு, இதயத்தில் அசட்டை. பாலைவனத் தந்தையர் என்று அழைக்கப்படும் அந்தப் பழைய துறவிகள் சொன்ன மருந்து எளிது, சுவாரசியமற்றது: இருக்கும் இடத்திலேயே இரு, கையால் ஒரு வேலை செய், சின்னச் சின்ன வசனங்களை வாய்விட்டுச் சொல். எவாகிரியுஸ் ஒவ்வொரு தீய எண்ணத்துக்கும் திருப்பிச் சொல்ல விவிலிய வசனங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதி வைத்தார். இன்றைக்கு இதை இப்படிச் செய்யலாம்: ஒரே இடம், ஒரே நேரம், திரை வேறு அறையில். நீண்ட தியானம் வேண்டாம். ஒரு திருப்பாடல், ஒரு செபமாலைப் பத்து, முடிந்ததும் உடனே ஒரு கைவேலை. புதிய பக்தி முயற்சிகளைத் தேடி அலைவதுதான் இந்நோயில் அடிக்கடி நேரும் தவறு. புதிய செபமுறை, புதிய தியான மையம், புதிய போதகர் என்று மாறிக்கொண்டே இருப்பது மருந்துபோல் தோன்றும், அதுவேதான் நோய்.

செபத்தில் மனம் அலைபாயும் பராக்குகள் பற்றி ஒரு வரி. அவற்றை ஒவ்வொன்றாக விரட்டப் போனால் அவற்றின் வலையிலேயே விழுவோம் என்கிறது மறைக்கல்வியின் 2729. கவனித்து, திரும்பி வந்தால் போதும். அவிலா தெரேசா சில ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்றே காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அவரைத்தான் திருச்சபை செபத்தின் மறைவல்லுநர், அதாவது செபத்தின் ஆசிரியர், என்று போற்றுகிறது.

ஐயத்துக்கு வருவோம். மறைக்கல்வியின் 2088-ஆம் எண் விரும்பிக் கொள்ளும் ஐயத்தையும் விருப்பமின்றி வரும் ஐயத்தையும் பிரிக்கிறது. முதலாவது, கடவுள் வெளிப்படுத்தியதை உண்மை என்று ஏற்க மறுப்பது. இரண்டாவது, நம்புவதில் தயக்கம், எதிர்வாதங்களைத் தாண்ட முடியாத திணறல், விசுவாசத்தின் மங்கலான தன்மை தரும் பதற்றம். இரண்டாவது பாவமல்ல, வேண்டுமென்றே வளர்த்தால்தான் ஆபத்து. பத்தாயிரம் சிக்கல்கள் சேர்ந்தாலும் ஓர் ஐயம் ஆகிவிடாது என்று கர்தினால் நியூமன் 1864-இல் எழுதியதை 157-ஆம் எண் அப்படியே எடுத்தாள்கிறது.

எனவே கேள்வி எழுந்தால் இரண்டு காரியங்களைப் பிரித்து வைக்க வேண்டும். செப நேரத்தில் விவாதம் கூடாது. புனித ஷான்தால் பிரான்சிஸ்காவுக்கு விசுவாசத்துக்கு எதிரான சோதனைகள் வந்தபோது, அவற்றோடு வாதாடவும் பதில் சொல்லவும் வேண்டாம் என்றுதான் அவருடைய ஆன்ம வழிகாட்டி பிரான்சிஸ் சலேசியார் எழுதினார். செப நேரத்துக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், தூக்கம் கெடாத நாளில், கேள்வியை எடுத்துப் படிக்க வேண்டும். கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "எதுவுமே உண்மை இல்லையோ" என்பது கேள்வி அல்ல, மனநிலை. "படைப்பு ஆறு நாளில் நடந்தது என்று திருச்சபை நம்பச் சொல்கிறதா" என்பது கேள்வி. அதற்கு விடை உண்டு. இல்லை, சொல்லவில்லை. விவிலியத்தின் இலக்கிய வகைகளைக் கவனிக்க வேண்டும் என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு ஏடு, 12-ஆம் எண்ணில். மனித உடலின் பரிணாமம் பற்றிய ஆய்வைத் திருச்சபை தடுக்கவில்லை என்று பன்னிரண்டாம் பயஸ் 1950-இலேயே எழுதினார். அண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் கட்டுரை வெளியிட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.

எழுதிய கேள்வியை அடுத்து வகைப்படுத்துங்கள். அது விசுவாசக் கோட்பாடு பற்றியதா, மாறக்கூடிய ஒழுங்குமுறை பற்றியதா, தனிப்பட்ட காட்சி பற்றியதா? தனி வெளிப்பாடுகள் விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வியின் 67-ஆம் எண் சொல்கிறது. திருச்சபை ஏற்ற காட்சிகளுக்கும் இது பொருந்தும். சிறுவயதில் யாரோ சொன்ன பயமுறுத்தல் கதைகளைக் கோட்பாடு என்று நினைத்துக்கொண்டு, அவற்றை நம்ப முடியாததால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. வகை பிரிப்பதிலேயே அவர்களின் கேள்விகளில் பல உதிர்ந்துவிடும். எல்லாம் உதிராது. குழந்தைகளின் துன்பம் பற்றிய கேள்விக்கு மறைக்கல்வியும் கடைசி விடை என்று ஒன்றைத் தருவதில்லை. கிறிஸ்தவச் செய்தி முழுவதும்தான் தீமை என்ற கேள்விக்கு விடை என்று 309-இல் சொல்லி நிற்கிறது. அந்த இடத்தில் யாராவது எளிய விடை தந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகை ஐயம் அறிவில் பிறப்பதில்லை, காயத்தில் பிறக்கிறது. திருச்சபைப் பணியாளர் ஒருவரால் துன்புறுத்தப்பட்டவருக்கு விசுவாச விளக்கம் தருவது அநியாயம். அவருக்கு முதலில் வேண்டியது நீதி. முறையீடுகளைப் பெறுவதற்கான அமைப்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று 2019 மே மாதம் பிரான்சிஸ் திருத்தந்தை சட்டமாக்கினார். நாட்டுச் சட்டப்படி காவல்துறையில் புகார் செய்வதை அது தடுப்பதில்லை.

இருண்ட இரவுக்கு வருகிறேன். இங்கேதான் தவறான அறிவுரை அதிகம் காயப்படுத்துகிறது. தொலேதோவில் 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்டு வரை தன் சபையினராலேயே சிறை வைக்கப்பட்ட ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி சிலுவை யோவான் இதற்கு மூன்று அடையாளங்களைத் தருகிறார். கடவுளுக்குரியவற்றில் சுவை இல்லை, படைப்புகளிலும் சுவை இல்லை. ஆனாலும் மனம் கடவுளை நினைத்தபடியே இருக்கிறது. நான் அவருக்குப் பணி செய்யவில்லையே, பின்வாங்குகிறேனே என்று வருந்துகிறது. முன்புபோல் கற்பனையைக் கொண்டு தியானிக்க, முயன்றும் முடிவதில்லை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். முதலாவது இல்லாமல், செபம் கசந்து மற்றவை இனித்தால், அது அசட்டையாகவோ பாவத்தின் விளைவாகவோ இருக்கலாம். முதலாவது மட்டும் இருந்தால் உடல்நிலையோ மனச்சோர்வோ காரணமாகலாம் என்று அவரே எச்சரிக்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய துறவி இந்தப் பிரிவினையைத் தவறவிடவில்லை.

மூன்றும் இருந்தால் மருந்து தலைகீழ். வலிந்து தியானிக்காதே, அன்போடு கவனித்து அமைதியாக இரு, நேரத்தை மட்டும் விட்டுவிடாதே. சோர்வுக்காரருக்கு முயற்சி வேண்டும், இவருக்கோ முயற்சியை நிறுத்த வேண்டும். வேறுபாடு தெரியாத வழிகாட்டிகளைச் சம்மட்டியால் அடிக்க மட்டுமே தெரிந்த கொல்லர்கள் என்று யோவான் காட்டமாகத் திட்டுகிறார்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது "அவரே நம்பவில்லை" என்ற தலைப்புகள் வந்தன. அவருக்கு 1961-இல் உதவிய இயேசு சபைக் குரு யோசேப்பு நாய்னர் என்ன சொன்னார் என்பது கவனிக்கப்படவில்லை. இந்த இருளுக்கு மனித மருந்து கிடையாது. இயேசுவை உணர்வது அவர் இருப்பதற்கான ஒரே சான்று அல்ல. கடவுளுக்காக ஏங்குவதே அவர் மறைந்திருந்து உடனிருப்பதன் அடையாளம். இந்த மூன்றாவது கூற்று சிலுவை யோவானின் இரண்டாம் அடையாளம்தான். பிரான்சின் கார்மேல் துறவி லிசியே தெரேசாவும் 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897 செப்டம்பர் 30-இல் இறக்கும் வரை விண்ணகம் உண்டா என்ற இருளிலேயே இருந்தார். விசுவாச அறிக்கையைத் தன் இரத்தத்தால் எழுதி உடலோடு வைத்திருந்தார். உணர்வு வரவில்லை, விசுவாசச் செயல்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார்.

மருத்துவம் பற்றி நேரடியாகச் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாவு பற்றிய எண்ணம் வந்தால் அன்றே. செபம் அதற்கு மாற்று அல்ல. அலகையின் (சாத்தானின்) செயலா, நோயா என்று உறுதி செய்யாமல் பேயோட்டுதல் நடத்தக் கூடாது என்று மறைக்கல்வியின் 1673-ஆம் எண்ணும், ஆயரின் தனிப்பட்ட அனுமதி வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1172-உம் சொல்கின்றன. அலகை உண்மையில் உண்டு, வெறும் உருவகம் அல்ல என்று 2018-இல் எழுதிய பிரான்சிஸ் திருத்தந்தை, எதிர்க்கும் ஆயுதங்களாகக் காட்டியவை செபம், இறைவார்த்தைத் தியானம், திருப்பலி, நற்கருணை ஆராதனை, ஒப்புரவு, அன்புச் செயல்கள், குழு வாழ்வு, நற்செய்திப் பணி. பரபரப்பான ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

எதற்கெடுத்தாலும் பாவம் என்று அஞ்சும் மனத்துக்கும் தனிச் சிகிச்சை. ஸ்பெயினின் மன்ரேசா நகரில் இஞ்ஞாசியார், ஏற்கெனவே சொல்லிவிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு, தன்னையே மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுபட்டார். ஒரே ஒப்புரவுக் குரு, அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிதல், இரண்டாவது கருத்துக் கேட்டு அலையாமை. இவர்களுக்கு நீண்ட ஆன்மச் சோதனை, அதாவது தன்னைத் தானே ஆராய்வது, ஆகாது, நோயைத் தூண்டும்.

மற்றவர்களுக்கு நாள்தோறும் வேண்டியது அந்த ஆன்மச் சோதனையே. படி ஐந்து: நன்றி, அருள் வேண்டுதல், அன்றைய பொழுதை மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். 15 நிமிடம் போதும். நன்றியைத் தாண்டி மூன்றாம் படிக்குக் குதிப்பதால்தான் பலருக்கு இது வெறும் குற்றப் பட்டியலாகிச் சலித்துவிடுகிறது. எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று இரண்டே வரி எழுதி வைத்தால், ஒரு மாதத்தில் வடிவம் தெரியும். வெறுமையா, சோர்வா, இரவா என்று அப்போதுதான் யாரும் சொல்ல முடியும்.

அந்தத் தாளோடு வழிகாட்டியிடம் போகலாம். வழிகாட்டி குருவாக இருக்க வேண்டியதில்லை; பயிற்சி பெற்ற அருள்சகோதரியோ பொதுநிலையினரோ போதும். பாவமன்னிப்பு வழங்க மட்டும்தான் குரு வேண்டும். மாதம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். நான்கு செய்திகள் சொன்னால் போதும்: தீர்மானித்த செப நேரத்தில் எவ்வளவு காப்பாற்றினீர்கள், எந்த அசைவு அழுத்தமாக இருந்தது, எந்த முடிவு நிலுவையில் இருக்கிறது, உடலும் தூக்கமும் எப்படி. மூன்று சந்திப்புகள் ஆகியும் அவரே பேசிக்கொண்டிருந்தால், அல்லது மூன்று முறையும் ஒரே அறிவுரை வந்தால், வேறொருவரைத் தேடுங்கள். ஆன்மாவைத் தன் கைக்குள் பூட்டி வைக்க எந்த வழிகாட்டிக்கும் உரிமை இல்லை என்பது சிலுவை யோவானின் தீர்ப்பு.